பகல் கரண்ட்

அரியலூர் ரயிலடியில், சரக்குக் கொட்டகைக்கு எதிரே இருந்த கடலை மில்லைப் பூங்காவனம் மில் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பலகையில் இருந்தது அவள் தகப்பனார் பெயர். அவர் காலமாகி நான்கு வருஷம் ஆகியும் அதை மாற்ற வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. கீழப்பழுவூர்ப் பக்கத்திலிருந்து கடலை மூட்டை ஏற்றி வரும் வண்டிக்காரர்களுக்குப் பலகை தேவைப்படவில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே அவள் குரல் கேட்டுவிடும்.

தகப்பனாருக்கு ஆண்பிள்ளை இல்லை. மாப்பிள்ளை அரியமுத்து ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். மில்லை அவர் பார்த்துக்கொள்வார் என்று உறவுக்காரர்கள் நினைத்தார்கள். அவரோ, "எனக்கு ரயிலைத் தடம் மாத்தி விடத்தான் தெரியும், யாவாரம் எல்லாம் அவ பாத்துக்குவா" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். அவள் பார்த்துக்கொண்டாள். முப்பத்துமூன்று வயதில், உடையார்பாளையம் தாலுகாவில் மில் நடத்திய ஒரே பெண்பிள்ளை அவள்தான்.

நாற்பத்துமூன்றில் யுத்தம் உச்சத்தில் இருந்தது. மில்லில் இருந்த சொந்த எஞ்சினுக்குக் குருடாயில் கொடுப்பதைச் சர்க்கார் நிறுத்திவிட்டது. ஊருக்கு வெளிச்சம் கொடுத்துவந்த கரண்ட் கம்பெனிக்கு மட்டும் மாதாமாதம் அளந்து கொடுத்தார்கள். பூங்காவனம் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. பழைய எஞ்சினைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, திருச்சியிலிருந்து ஒரு மோட்டார் வாங்கிவந்து மாட்டினாள்.

கம்பெனியிடம் இருந்த எஞ்சின்கள் இரண்டு. ஒன்று உடைந்துபோய், அதற்கு வேண்டிய சாமான் சீமையிலிருந்து கப்பல் ஏற முடியாமல் கிடந்தது. மற்றது விளக்கு வைக்கும் நேரத்தில் புறப்பட்டு, டெண்டு சினிமாக் கொட்டகையில் இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் நிற்கும். பகலில் கரண்டே கிடையாது. ஆகவே பூங்காவனத்தின் மில்லும் சாயங்காலத்தில்தான் ஓடியது.

வம்பு வந்தது கார்த்திகை மாதம், ஒரு வக்கீல் வீட்டுக் கலியாணத்தில். தெரு முழுக்கப் பந்தல் போட்டுச் சர விளக்குக் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை அழைப்பு நடந்துகொண்டிருக்கையில் விளக்குகள் மெல்ல மெல்லச் சோர்ந்து, கடைசியில் கங்கு மாதிரிச் சிவந்து நின்றன. மாப்பிள்ளை முகம் யாருக்கும் தெரியவில்லை. யாரோ ஒருவர், "ரயிலடியில கடலை ஒடைக்கிறாங்கல்ல, அவங்கதான் இழுக்குறாங்க" என்றார். ஐம்பது பேர் மில்லைத் தேடி வந்துவிட்டார்கள்.

வெளியே கூச்சலைக் கேட்ட பூங்காவனம் ஸ்விட்சை இறக்கினாள். மிஷின் முனகி நின்றது. மறு மூச்சில் ரயிலடி விளக்கிலிருந்து கலியாணத் தெரு வரைக்கும் ஊரே பளிச்சென்று ஆயிற்று. வந்தவர்கள் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். கேலிக்குத்தான். அவளுக்கு அது கேலியாகப் படவில்லை. தன் கையில் இருந்த ஒரு பிடியைக் கீழே தள்ளியதும் ஊருக்கு வெளிச்சம் வந்ததே, அப்படியானால் இந்த ஊர் விளக்குக்கும் தன் மில்லுக்கும் நடுவே ஏதோ ஒரு தராசு இருக்கிறது, அது இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் அன்றைக்கு நினைத்தாள்.

மறுநாள் காலையிலேயே கம்பெனி மானேஜர் சிவசுப்பிரமணியன் சைக்கிளில் வந்துவிட்டார். கிண்டியில் எஞ்சினீரிங் படித்தவர், இளவயசு. கோபக்காரர் இல்லை.

"சாயங்காலம் ஆறு மணிக்கு மேல மில் ஓடக் கூடாதும்மா" என்றார்.

"ஆறு மணிக்கு மேலதானே சார் நீங்க கரண்டே வுடுறீங்க? மில்லைப் பூட்டுன்னு நேராச் சொல்லுங்களேன்."

அவர் சங்கடப்பட்டார். அவள் ஒரு மோர் கொண்டுவரச் சொல்லி, "கோவமா கேக்கல. பகல்ல எஞ்சினை ஓட்டுனா என்ன? எனக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க" என்றாள்.

"உங்க ஒரு மில்லுக்காக ஓட்டினா, பஸ்ல ஒரே ஒரு ஆளை ஏத்திக்கிட்டுத் திருச்சிக்குப் போற மாதிரிம்மா. எண்ணெயும் வீணாப் போகும், லோடு இல்லாம ஓடுற எஞ்சின் உள்ள கரியும் புடிச்சுக்கும். அதுக்கு நிறைய சுமை வேணும். ஆனா தாங்குறதுக்கு மேல போனா, நேத்து பாத்தீங்களே, அந்தக் கதிதான்."

"நிறைய சுமைன்னா எவ்ளோ?"

"உங்க மோட்டார் மாதிரி மூணு வேணும்."

"மூணுதானே?"

சிவசுப்பிரமணியன் சிரித்துவிட்டார். "இன்னொண்ணும் இருக்கு. எண்ணெய் அளந்துதான் வருது. பகல்ல ஓட்டினா ராத்திரி சீக்கிரமா நிறுத்தணும். கொட்டகைக்காரர் சம்மதிக்கணும். இதெல்லாம் ஆகுற காரியமா?"

"ஆனா ஓட்டுவீங்கல்ல?"

"ஓட்டுறேன்."

"அப்ப மோரைக் குடிச்சுட்டுப் போங்க" என்றாள் பூங்காவனம்.

அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போனாள். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து மாவு மில் வைத்திருந்த அசன் லெப்பையின் எஞ்சினும் எண்ணெய் இல்லாமல் மாதக்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் வாசலில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பூங்காவனம் சொன்னதை முழுக்கக் கேட்காமலே எழுந்துவிட்டார்.

"ஏம்மா, நெசமாவே பகல்ல வருமா? இன்ஷா அல்லாஹ், நாளைக்கே மோட்டாருக்கு ஆள் அனுப்புறேன். சனங்க உரல்ல இடிச்சு இடிச்சுக் கையெல்லாம் காச்சுப்போயிக் கெடக்காங்க."

"அனுப்ப வேணாம் லெப்பை மாமா. திருச்சியில மூடிப்போன மில்லுல ரெண்டு மோட்டார் கெடக்குதாம், மோர் குடிக்கையில என்ஜினீரு சொன்னாரு. நான் பேசி முடிக்கிறேன்."

மரவாடி நல்லுசாமி அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. பச்சைமலையிலிருந்து மரம் கொண்டுவந்து அறுத்துக் கொடுப்பவர் அவர். எஞ்சின் நின்றதிலிருந்து ஆள் வைத்துக் கைவாளால் அறுத்துக்கொண்டிருந்தார். கரண்ட் என்றாலே அவருக்கு ஆகாது.

"அது ஆளை இழுத்துப்புடும் தங்கச்சி."

"நான் இத்தினி மாசமாத் தொட்டுக்கிட்டுத்தானே அண்ணே இருக்கேன். இழுத்தா போச்சு?"

நல்லுசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒன்னைய இழுக்க அதுக்குத் தெம்பு பத்தாது" என்று சொல்லிவிட்டுச் சம்மதித்தார்.

மிச்சம் இருந்தவன் டெண்டுக் கொட்டகை பாலசுந்தரம். சின்ன வயசு, நறுக்கு மீசை, ஜவ்வாது வாசனை. இரண்டாவது ஆட்டத்தை விட்டுக்கொடுக்கச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டான்.

"என்னக்கா இது, ஒங்க மில் ஓட நான் கொட்டாயப் பிரிச்சுக்கிட்டுப் போவணுமா?"

"நீ ரெண்டாவது ஆட்டம் ஓட்டையில நான் மில்லு ஓட்டுனா என்ன ஆவுது?"

என்ன ஆகிறது என்று ஊருக்கே தெரியும். திரையில் படம் மங்கும், பாட்டு இழுவும், தரை டிக்கெட்டுக்காரர்கள் மண்ணை வாரித் திரையில் இறைப்பார்கள்.

"பகல்ல நாங்க ஓட்டிக்கிட்டா சாயங்காலம் கரண்டு முச்சூடும் வெளக்குக்கும் ஒனக்கும்தான். மொத ஆட்டம் ஒரு நாளும் மங்காது. ஞாயித்துக்கெழம நாங்க மூணு பேரும் மெஷினத் தொட மாட்டோம். அன்னைக்கு மிச்சமாவுற எண்ணெயில நீ ரெண்டாவது ஆட்டம் போட்டுக்க. வாரத்துல ஒரு நாள்னா கூட்டம் அள்ளாது?"

அவன் மீசையைத் தடவிக்கொண்டான். வாரநாளில் இரண்டாவது ஆட்டத்துக்குப் பாதிக் கொட்டகைதான் நிறைந்தது என்பது அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். "ஞாயித்துக்கெழம ஏமாத்த மாட்டீங்களே?" என்றான். அவள் முறைத்த முறைப்பில், "சரிக்கா, சரிக்கா" என்று கும்பிட்டான்.

மார்கழி பிறந்த முதல் வாரம் பகல் கரண்ட் வந்தது. பத்து மணிக்குப் பவர் ஹவுஸில் எஞ்சின் புகை தெரிந்ததும், மில்லிலும் மாவு மில்லிலும் மரவாடியிலும் மூன்று பேரும் ஒரே ஆவலாக ஸ்விட்சைப் போட்டார்கள். மோட்டார்கள் ஒரு உறுமல் உறுமின. பட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது. மரவாடியில் ரம்பம் பாதி மரத்தில் கடித்துக்கொண்டு நின்றது. "நான் அப்பவே சொன்னேன்" என்று நல்லுசாமி தெருவில் வந்து கத்தினார்.

சிவசுப்பிரமணியன் கையெல்லாம் மசியோடு ஓடிவந்தார். "பீஸ் போயிருச்சும்மா. தப்பு என் பேர்ல. சொல்லியிருக்கணும். மோட்டார் ஓடுறப்ப இழுக்கிறதை விட, எழுந்திரிக்கிறப்ப நாலு மடங்கு இழுக்கும். மூணும் ஒரே மூச்சுல எழுந்தா எஞ்சின் என்ன பண்ணும்? ஒண்ணு எழுந்து நின்னதுக்கு அப்புறம்தான் அடுத்தது."

"லெப்பை மாமா மில்லு கடைத்தெருவுல. அண்ணன் மரவாடி ஏரிக்கரையில. எது எழுந்துச்சுன்னு மத்தவங்களுக்கு எப்புடித் தெரியும்?"

அவர் மணி அடிக்கலாமா, ஆள் வைக்கலாமா என்று யோசித்தார். பூங்காவனம் வெளியே போய்த் தெருவில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து சொன்னாள்:

"மொதல்ல மரவாடி. அந்த ரம்பம் கத்துறது ஊருக்கே கேக்கும். அது கேட்டதும் நான் போடுறேன். எம் மெஷினு ஓடுனா தொலி தூசி கூரைக்கு மேல கெளம்பும், லெப்பை மாமா தன் வாசல்லேருந்தே பாக்கலாம். தூசி தெரிஞ்சதும் அவரு போடட்டும்."

மறுநாள் அப்படியே செய்தார்கள். ஏரிக்கரையில் ரம்பம் வீறிட்டது. கடலை மில் கூரைமேல் செம்மண் நிறத்தில் தூசி எழும்பியது. கடைத்தெருவில் மாவு மில் தடதடத்தது. பவர் ஹவுஸில் எஞ்சின் ஒரு தடவை கனைத்துவிட்டு நிதானமாக ஓடத் தொடங்கியது. அன்று சாயங்காலம் விளக்குகள் துளியும் மங்காமல் எரிந்தன.

பழக்கத்துக்கு வரக் கொஞ்ச நாள் பிடித்தது. ஒரு நாள் நல்லுசாமி யாரிடமும் சொல்லாமல் மரம் பார்க்க மலைக்குப் போய்விட்டார். ரம்பச் சத்தம் வராமல் மற்ற இருவரும் ஸ்விட்சுக்கு முன்னால் காத்துக் கிடந்தார்கள். எஞ்சின் வெறுமனே எண்ணெய் குடித்துக்கொண்டிருந்தது. அவர் திரும்பி வந்ததும் பூங்காவனம் மரவாடிக்கே போய், "நீங்க வராட்டிப் பரவால்லண்ணே. வரலேன்னு மொத நாளே சொல்லுங்க. அன்னைக்கு மாமா மொளகா மெஷினையும் சேத்து ஓட்டிக்குவாரு" என்றாள். அவர் அதற்கப்புறம் பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் சொல்லியனுப்பினார்.

தை பிறக்க ஒரு வாரம் இருந்தது. அந்த வருஷம் கடலை நல்ல விளைச்சல். மில் களத்தில் மலை மாதிரிக் குவிந்திருந்தது. எல்லாம் சுற்று வட்டாரத்துக் குடியானவர்களுடையது. உடைத்துப் பருப்பாக்கி ரயிலேற்றினால்தான் அவர்கள் கையில் பொங்கலுக்குப் பணம். யுத்தத்தில் சரக்கு வேகன் கிடைப்பது குதிரைக் கொம்பு. எழுதிப் போட்டுக் காத்திருந்து, ஒரு வழியாக வியாழக்கிழமைக்கு ஒன்று கிடைத்திருந்தது.

திங்கட்கிழமை அரியமுத்து வேலை முடிந்து வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் சொன்னார்: "கம்பெனிக்கு வர வேண்டிய எண்ணெய் வேகனை விருத்தாசலத்துல நிறுத்திப்புட்டாங்க. மில்டரி வண்டியா விட்டுக்கிட்டிருக்கான். எப்ப வுடுவான்னு ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியலையாம்."

பூங்காவனம் நேராகப் பவர் ஹவுஸுக்குப் போனாள். சிவசுப்பிரமணியனுக்கும் சேதி வந்திருந்தது. தொட்டியில் இருந்த எண்ணெயை ஒரு மூங்கில் குச்சியை விட்டு அளந்துகொண்டிருந்தார்.

"சாயங்காலம் ரெண்டு மணி நேரம் விளக்குக்கு மட்டும்னா ஒரு வாரம் ஓட்டுவேன். பகலுக்கு இல்லைம்மா."

"எனக்கு ஒரே ஒரு பகல் வேணும் சார். மூணு மணி நேரம்."

"மூணு மணி நேரத்துல அந்தக் குவியலை உடைப்பீங்களா?"

"நாள் முழுக்க ஓட்டுறப்ப பாதி நேரம் மெஷினு வெறுமனேதான் சுத்துது. மூட்டை அவுக்கணும், மண்ணு சலிக்கணும், சாக்கு மாத்தணும். அதையெல்லாம் முன்கூட்டியே செஞ்சு வச்சுக்கிட்டா, கொட்டுறது ஒண்ணுதான் வேலை. லெப்பை மாமாவும் அண்ணனும் அதே மூணு மணி நேரத்துல அவங்க வேலைய முடிச்சுக்குவாங்க. எஞ்சினுக்கும் நெறைய சுமை. ஒரு பொட்டு எண்ணெய் வீணாவாது."

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். "ஒரு சாயங்கால வெளிச்சம் போயிடும். ஊர்க்காரங்க என்னை விடமாட்டாங்க. வக்கீல் ஒருத்தர் போதும்."

"ஊர்க்காரங்கள நான் கேக்குறேன்."

பாலசுந்தரத்திடம் இருந்த விளம்பர வண்டியில், படத் தட்டிக்குப் பதிலாக அவளே ஏறி உட்கார்ந்துகொண்டாள். மேளத்தை அடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனார்கள். புதன்கிழமை சாயங்காலம் ஊரில் கரண்ட் இருக்காது, அந்த எண்ணெயில் பகலில் மில்கள் ஓடும், பொங்கல் கடலை ரயிலேறும், பச்சரிசி மாவு அரைக்க வேண்டியவர்கள் லெப்பை மில்லுக்குக் கொண்டுவரலாம் என்று ஒவ்வொரு முச்சந்தியிலும் சொன்னாள். கடைசியாக அந்த வக்கீல் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தினாள்.

வக்கீல் வெளியே வந்தார். "நான் சம்மதிக்கலைன்னா?"

"ஒங்க வூட்டு வெளக்கு எரியும்ங்க. ஒங்க குத்தகைக்காரங்க பதினாறு பேரு கடலை என் களத்துல கெடக்கும்" என்றாள். குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

வக்கீல் உள்ளே திரும்பி, இலுப்பெண்ணெய் விளக்குகளைத் துடைத்து வைக்கச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் மில்லில் மிஷின் ஓடவில்லை. ஆனால் நிற்க நேரமில்லை. கூலிப் பெண்களுக்குத் தலைவியாக இருந்த வீராயி நாற்பது பெண்களைக் கொண்டுவந்து நிறுத்தினாள். மண்ணும் கல்லும் சலித்துக் கடலையை அம்பாரம் அம்பாரமாக மிஷினுக்குப் பக்கத்திலேயே குவித்தார்கள். சாக்குகளை வாய் விரித்து வரிசையாக வைத்தார்கள்.

புதன் காலை ரம்பம் வீறிட்டதும் பூங்காவனம் ஸ்விட்சைப் போட்டாள். கூடை கூடையாகக் கடலை மேலே போயிற்று. தூசியில் ஆள் முகம் ஆளுக்குத் தெரியவில்லை. வீராயி ஒரு கையால் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு, மறு கையால் கூடை மாற்றிக்கொண்டே, "நிறுத்தாதீங்கடி, நிறுத்தாதீங்கடி" என்று கத்திக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரம் இப்படிப் போனபின் சுமை தாங்காமல் பெல்ட் வழுக்க ஆரம்பித்தது. மிஷினின் சத்தம் தொய்ந்தது.

"ஆஃப் பண்ணுங்கக்கா!" என்று வீராயி கூவினாள்.

நிறுத்தினால் மறுபடி எழுப்ப வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் மற்ற இரண்டையும் சேர்த்து எஞ்சின் அந்த இழுப்பைத் தாங்குமா என்பது சந்தேகம். பூங்காவனம் கடலை போடுவதை மட்டும் நிறுத்தச் சொன்னாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குங்கிலியப் பொடியை ஒரு கை அள்ளி, ஓடுகிற பெல்ட்டின் உள்பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினாள். பெல்ட் இரண்டு தரம் கிறீச்சிட்டது. பிறகு பற்றிக்கொண்டது.

"போடு" என்றாள்.

மூன்று மணி நேரம் முடிந்து எஞ்சின் நிற்கையில், களத்தில் எஞ்சியிருந்தது ஒரு வண்டிச் சுமைதான். அதை நாற்பது பெண்களும் உட்கார்ந்து கையாலேயே உடைத்துத் தீர்த்தார்கள். கடைத்தெருவில் அசன் லெப்பை தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக நின்று, மாவுக் கூடைகளை எண்ண முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் ஊரில் வாசலுக்கு வாசல் எண்ணெய் விளக்கு எரிந்தது. பாலசுந்தரம் கொட்டகையைச் சாத்திவிட்டு மில்லுக்கு வந்து மூட்டை தைத்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் வேகன் நிறைந்து, சீல் வைத்துப் புறப்பட்டது. அதைச் சரியான தடத்தில் விட்டவர் அரியமுத்துதான். எண்ணெய் வேகன் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது.

பொங்கல் கழிந்து கம்பெனி முதலாளிகளில் ஒருவர் திருச்சியிலிருந்து வந்தார். பகலில் எஞ்சின் ஓடியும் எண்ணெய் மட்டுக்குள்ளேயே இருப்பது அவருக்கு ஆச்சரியம். மில்லுக்கு நேரில் வந்து, "உங்களுக்கு என்ன செய்யணும், சொல்லுங்க" என்று கேட்டார். மாலை, சால்வை என்று ஏதாவது கேட்பாள் என்று எதிர்பார்த்திருப்பார் போலும்.

"பகல் கரண்டுக்கு ரேட்டைக் கொறைங்க" என்றாள் பூங்காவனம். "எனக்கு மட்டுமில்ல, பகல்ல எடுக்கிற எல்லாருக்கும். கொறைச்சீங்கன்னா சாயங்காலம் எடுக்கிறவன் தானாப் பகலுக்கு வந்துடுவான். நான் வண்டி ஏறி மேளம் அடிக்க வேண்டியதில்ல."

முதலாளி சிவசுப்பிரமணியனைப் பார்த்தார். "நானே எழுதணும்னு இருந்தேன் சார். அம்மா முந்திக்கிட்டாங்க" என்றார் அவர். சித்திரையிலிருந்து ரேட் குறைந்தது. அச்சாபீஸும் சோடாக் கடையும் பகலுக்கு வந்தன.

யுத்தம் முடிந்து இரண்டாவது எஞ்சினும் ஓடத் தொடங்கியபோது, இனி யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. மூன்று மில்லும் என்னவோ பழைய வரிசையில்தான் எழுந்தன. சிவசுப்பிரமணியன் வேலை மாற்றிக்கொண்டு மேட்டூர் பக்கம் போனார். போகுமுன் புது மானேஜரை அழைத்துவந்து முதலில் அறிமுகம் செய்துவைத்தது பூங்காவனத்திடம்தான்.

நாற்பத்தொன்பதில் அவள் எண்ணெய் ஆட்டும் மிஷின் ஒன்று வாங்கத் தீர்மானித்தாள். கோயம்புத்தூரிலிருந்து ஏஜெண்ட் வந்து படங்களைப் பரப்பி, குதிரைச் சக்தியையும் விலையையும் விவரமாகச் சொல்லிக்கொண்டே போனார். அவள் கையமர்த்தி நிறுத்தினாள். "கொஞ்சம் இருங்க தம்பி. எந்த நேரத்துல எஞ்சினுல எடமிருக்குன்னு பவர் ஹவுஸுல கேட்டுட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.